முறிந்த விலா எலும்பு: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

புதைகுழியிலிருந்து எடுத்த எலும்புக்கூட்டில் விலா எலும்பு முறிந்திருக்கிறது. அடித்ததால் முறிந்ததா, பின்னர் மண்ணின் பாரத்தால் முறிந்ததா? தொலைக்காட்சித் தொடர்களில் பார்த்ததுமே சொல்லிவிடுகிறார்களே, அது நடக்கக்கூடியதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பார்த்ததும் சொல்ல முடிகிற முறிவுகளும் உண்டு. இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பே முறிந்திருந்தால் விளிம்புகள் மழுங்கி, புதிய எலும்பு திரளத் தொடங்கியிருக்கும். பழுப்பேறிய எலும்பில், தோண்டும்போது மண்வெட்டி பட்ட இடம் மட்டும் வெளிறித் தெரியும்.

சிக்கல் இவை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. எலும்பில் ஈரமும் கொலாஜன் என்ற புரத நார்களும் உள்ளவரை அது பச்சைக் கிளைபோலச் சற்று வளைந்துகொடுத்தே முறியும். முறிவு சாய்வாக ஓடும், விளிம்பு வழவழப்பாக இருக்கும். காய்ந்த எலும்போ சுள்ளியைப் போலக் குறுக்கே, சொரசொரப்பாக ஒடியும். ஆனால் உயிர் போன அன்றே எலும்பு காய்ந்துவிடுவதில்லை. அந்த ஈரம் வாரக்கணக்கில், சூழலைப் பொறுத்து மாதக்கணக்கில்கூட நீடிக்கும். அதற்குள் சடலத்தின்மீது ஒரு பாறை விழுந்தாலும் அந்த முறிவு உயிரோடிருந்தவர் பட்ட அடியைப் போலவே தோன்றும்.

தடயவியல் மானுடவியலாளர் 'இறப்பை ஒட்டிய முறிவு' என்று எழுதும்போது, எலும்பு ஈரமாக இருந்தபோது முறிந்தது என்பதைத்தான் சொல்கிறார். நீதிமன்றத்தில் அதைக் கேட்பவர் 'சாகும் நேரத்தில் விழுந்த அடி' என்று எடுத்துக்கொண்டால் ஒரு மனிதரின் வாழ்க்கையே போய்விடும். இதை நினைத்தால் எனக்குப் பதறுகிறது.

முறிவு இல்லாததையும் இப்படித் தவறாகப் படிக்கலாம். இளம் வயதில் கழுத்திலுள்ள நாவடி எலும்பின் பகுதிகள் முழுதாக இணைந்திருக்காது. நெரித்தாலும் வளைந்து தப்பிவிடக்கூடும்.

ஆனால் எலும்பு வேறொன்றை வியக்கத்தக்க தெளிவுடன் சொல்லும். மண்டையோட்டில் இரண்டு அடிகள் விழுந்திருந்தால், பிந்தைய அடியின் விரிசல் முந்தையதை எட்டியதும் நின்றுவிடும்; ஏற்கெனவே பிளந்த இடத்தைத் தாண்டி விசை செல்லாது. இதைப் பூப்பே விதி என்பார்கள். மயிரிழை போன்ற கோடு ஓடிவந்து இன்னொரு கோட்டில் முட்டி நிற்கும் அந்த இடத்தில், எந்த அடி முதலில் விழுந்தது என்பது தெரிந்துவிடுகிறது.

உங்கள் விலா எலும்புக்கு வருகிறேன். விளிம்பு வழவழப்பாக இருக்கிறது, ஆறிய தடம் இல்லை என்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது குழியில் எடுத்த படங்களை. துண்டுகள் எப்படிக் கிடந்தன, பக்கத்து விலாக்களும் அதே வரிசையில் முறிந்தனவா, மேலே கல் இருந்ததா? கழுவி மேசையில் வைத்த பிறகு இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல அந்த எலும்பால் முடியாது.