சிப்பிப்பாறை நாய்களைப் பூட்டி வண்டி ஓட்டலாமா?

கேள்வி: சங்கரன்கோவில் பக்கம் தோட்டத்தில் நான்கு சிப்பிப்பாறை வளர்க்கிறேன். பனி நாடுகளில் செய்வதுபோல் நான்கையும் சேர்த்துப் பூட்டி வண்டி இழுக்கப் பழக்க முடியுமா? அங்கே எப்படித் தொடங்குகிறார்கள்?

ஒரு நாயைப் பழக்கலாம். நான்கையும் சேர்த்துப் பூட்டும் யோசனையை விட்டுவிடுங்கள்.

நான் பாளையங்கோட்டைக்காரன். வட நார்வேயில் ஆல்ட்டா ஊருக்கு வெளியே ஒரு நாய்ப்பண்ணையில் ஒரு குளிர்காலம் வேலை பார்த்தேன். 1981 முதல் நடந்துவரும் ஃபின்மார்க்ஸ்லோப்பெட் நாய்வண்டிப் பந்தயம் கிளம்பும் ஊர் அது. அதன் நீண்ட பிரிவு சுமார் 1,200 கிலோமீட்டர். பந்தயம் மார்ச்சில்தான். ஆனால் நாய்களுக்கு வேலை கோடை முடிந்ததுமே ஆரம்பித்துவிடும். அப்போது தரையில் பொட்டுப் பனி இருக்காது.

பனி இல்லாதபோது நாய்களை நாலு சக்கர மோட்டார் வண்டியில் பூட்டுவார்கள். வண்டியை முதல் கியரில் போட்டுப் பிடித்துக்கொள்வார்கள், நாய் பாயாமல் இழுக்க வேண்டும் என்பதற்காக. முதல் வாரங்களில் வேகம் யாருக்கும் வேண்டாம், தசையும் தசைநாரும் இறுகினால் போதும். மூன்று நான்கு கிலோமீட்டர் போனதும் நிறுத்தம். நாய் இன்னும் ஓடத் துடிக்கும்போதே நிறுத்திவிடுவதுதான் அந்தத் தொழிலின் பாதி. தண்ணீரைச் சும்மா வைத்தால் மோந்துவிட்டுப் போய்விடும் என்று இறைச்சித் துண்டு போட்டு வெதுவெதுப்பாகக் கொடுப்பார்கள்.

முதல் பனி விழுந்ததும் சந்தோஷம் என்று நினைத்தேன். அதுதான் மோசமான காலமாம். சறுக்குவண்டியை நிறுத்தி வைக்க ஓர் இரும்புக் கொக்கி உண்டு, காலால் மிதித்துப் பனிக்குள் இறக்க வேண்டும். நாலு விரல் பனிக்குக் கீழே உறைந்த தரை இருந்தால் கொக்கி பிறாண்டுமே தவிர பிடிக்காது. எட்டு நாய்களும் வண்டியை இழுத்துக்கொண்டு போய்விடும், நாம் ரோட்டில் நிற்போம். அதனால் பனி கெட்டிப்படும் வரை மரத்தில் கயிறு போட்டு, இழுத்தால் அவிழும் உருவு முடிச்சாகக் கட்டுவோம். பூட்டும்போது அத்தனையும் ஊளையிட்டுக் குதிக்கும், பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. முடிச்சை உருவினால் அடுத்த நொடி சத்தமே இருக்காது. மூச்சிரைப்பும் வண்டியின் சறுக்குப் பட்டை உரசலும்தான்.

என் முக்கால்வாசி வேலை கால்களில்தான். விரலிடுக்கில் பனி உருண்டை உருண்டையாகக் கட்டிக்கொண்டு தோலை அறுத்துவிடும். ஒவ்வொரு பாதத்துக்கும் துணிச் செருப்பு மாட்ட வேண்டும். கையுறையோடு மாட்ட வராது, கழற்றினால் விரல் மரத்துப்போகும்.

குட்டியைத் தனியாகப் பழக்குவதில்லை. அனுபவமுள்ள நாயோடு ஜோடி சேர்ப்பார்கள். முன்னால் போகும் நாய்க்கு ‘ஜீ’ என்றால் வலது, ‘ஹா’ என்றால் இடது. பின்னால் வருபவை அதைப் பார்த்தே படிக்கும். பந்தய மாடு வைத்திருக்கும் பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். “ஏல, இதுக்கா அம்புட்டுத் தூரம் போன? புதுக் காளைய பழைய காளையோட பூட்டுனா அதுவே சொல்லிக் குடுத்துரும்லா” என்றார்.

சரி, உங்கள் நாய்களுக்கு வருவோம். பத்துப் பன்னிரண்டு டிகிரியைத் தாண்டினால் என் முதலாளி நாயைப் பூட்டவே மாட்டார். நம்மூரில் மார்கழி விடியலிலேயே இருபதுக்கு மேல்தான் இருக்கும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். சிப்பிப்பாறைக்கு ரோமம் குறைவு, சும்மா ஓடினால் தாங்கும். ஆனால் பாரம் இழுக்கும்போது ஏறும் சூடு வேறு. தேரி மணலில் சறுக்குவண்டி விடலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். மணல் வழுக்காது, பிடித்து இழுக்கும். ஒன்பது மணிக்கு மேல் பாதமும் வெந்துவிடும். மாஞ்சோலை குளிரும்தான், ஆனால் புலிகள் காப்பகத்துக்குள் நாயோடு போக முடியாது.

இன்னொன்று, சிப்பிப்பாறையும் கன்னி நாயும் கண்ணில் பட்டதைத் துரத்தப் பிறந்தவை. பனி நாட்டு வண்டி நாயான ஹஸ்கி மணிக்கணக்கில் ஒரே சீராக ஓடும், இவை கொஞ்ச நேரம் அம்பாகப் பாயும். நம்ம காட்டில் மயிலுக்கா பஞ்சம்? ஒரு மயில் எழும்பினால் நான்கும் வெட்டித் திரும்பும், கயிறு காலில் சுற்றும். அந்த மெலிந்த கால் எலும்பு முறிந்தால் சேர்வது கடினம்.

ஆசை விடவில்லை என்றால் ஒன்றரை வயது தாண்டிய ஒரு நாயை எடுத்துக்கொள்ளுங்கள். விடியும் முன், சீமைக்கருவேல முள் இல்லாத செம்மண் தடத்தில், அதன் கயிற்றை உங்கள் இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடுங்கள். முதலில் அரைக் கிலோமீட்டர் போதும். நாக்கு அகன்று நுனி விரிந்தாலோ, முன்னால் இழுத்த கயிறு தொய்ந்தாலோ அன்றைக்கு அவ்வளவுதான். நிழலில் நிறுத்தி வயிற்றிலும் பாதத்திலும் தண்ணீர் விடுங்கள்.

கழுத்துப் பட்டையில் மட்டும் கயிறு கட்டாதீர்கள், குரல்வளை நெரியும். நெஞ்சில் விழுந்து முதுகில் குறுக்கே போகும் பட்டை வேண்டும். பள்ளிக்கூடப் பை தைப்பவரிடம் நாயையே கூட்டிப்போய் அளவு கொடுங்கள். அகலமான நைலான் பட்டை, உள்பக்கம் மெத்தைத் துணி, கழுத்தில் இரண்டு விரல் நுழையும் இடைவெளி. அக்குளில் உரசினால் திரும்பப் பிரித்துத் தைக்கச் சொல்லுங்கள்.