டீச்சரைக் கேளுங்கள்: வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பட்டையும்

கேள்வி: பெங்களூரில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, வெள்ளைச் சட்டை, டை, சட்டைப்பையில் கறுப்புப் பெயர்ப்பட்டையோடு இரண்டு பையன்களைப் பார்த்தேன். ஒருவன் நம் ஆம்பூர் பக்கத்துப் பிள்ளை. மார்மன் மிஷனரிகள் என்றான் மகன். இருபது வயதுகூட நிரம்பாத இவர்கள் வாரம் முழுக்க என்னதான் செய்வார்கள்?
(குடியாத்தம் வாசகர்)

நல்ல ஆளிடம்தான் கேட்டீர்கள். சத்துவாச்சாரியில் எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் இதே வேலையாகப் பெங்களூரில் இரண்டு வருடம் இருந்துவிட்டு இப்போதுதான் திரும்பியிருக்கிறான். எட்டாம் வகுப்பில் என்னிடம் கணக்குப் படித்தவன். உங்கள் கடிதம் வந்ததும் கூப்பிட்டு உட்கார வைத்து விசாரித்துவிட்டேன்.

இவர்களுடைய சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. 1830-இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கியது. தலைமையகம் அமெரிக்காவில் யூட்டா மாநிலத்து சால்ட் லேக் சிட்டி. ‘மார்மன்’ என்று கூப்பிட வேண்டாம் என்று 2018-இல் அவர்கள் தலைவரே கேட்டுக்கொண்டார். ஊர் வாய் அவ்வளவு சீக்கிரம் மாறுமா? பையன்கள் பதினெட்டு வயதிலிருந்து போகலாம், இரண்டு வருடம். பெண்களுக்குப் பதினெட்டு மாதம். சம்பளம் கிடையாது. சொந்தச் சேமிப்பும் குடும்பத்துப் பணமும்தான் செலவுக்கு. முடியாதவர்களுக்குச் சபை கைகொடுக்கும். அமெரிக்கக் குடும்பங்கள் இதற்காக மாதம் 500 டாலர் கட்டுகின்றன. எந்த ஊர் என்று கேட்டு வாங்க முடியாது, அனுப்புகிற இடத்துக்குப் போக வேண்டும்.

காலை ஆறரைக்கு எழ வேண்டும். கொஞ்சம் உடற்பயிற்சி, குளியல், டிபன். பிறகு தனியாக வேதம் படிப்பு, கூட்டாளியோடு சேர்ந்து படிப்பு. இவனுக்குக் கன்னடமும் சேர்ந்துகொண்டது. அதற்கப்புறம் வெளியே கிளம்பினால் இரவு ஒன்பது மணிவாக்கில் வீடு. பத்தரைக்கு விளக்கை அணைத்துவிட வேண்டும். சினிமா, டி.வி., காதல் எதுவும் கிடையாது.

வெளியே என்ன வேலை? வீடு வீடாகக் கதவைத் தட்டுவார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இவன் இருந்த இடத்தில் அப்படி இல்லையாம். சபைக்காரர்கள் சொல்லி அனுப்பும் வீடுகளுக்குத்தான் போவார்கள். செவ்வாய் முதல் சனி வரை வேலை என்றால் பாதி நேரம் காத்திருப்புதான் என்கிறான். ஆறு மணிக்கு வரச் சொன்னவர் ஆறே காலுக்கு போனை அணைத்து வைத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கண்டிப்பாக வருகிறேன் என்றவருக்காகச் சபை வாசலில் நின்றால், பாட்டு முடிந்து அப்பமும் தண்ணீரும் கொடுக்கும் நேரம்கூடத் தாண்டிவிடும். (ஆமாம், திராட்சை ரசம் இல்லை, வெறும் தண்ணீர்தான்.) மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு வேளை உபவாசம் வேறு.

இதெல்லாம் பெரிதில்லை, கூட்டாளிதான் பெரிது. மிஷனரி தனியாக எங்கேயும் போகக் கூடாது. தூங்குவது ஒரே அறையில். குளியலறைக் கதவுக்குப் பின்னால் மட்டும்தான் தனிமை. யாரோடு இருப்பது என்பதை மேலே இருப்பவர் முடிவு செய்வார். ஆறு வாரத்துக்கு ஒரு தடவை இடமாற்றப் பட்டியல் வரும். இவனுக்கு முதலில் வாய்த்தவன் ராஜமுந்திரிப் பையன். மின்விசிறியை இவன் ஐந்தில் வைத்தால் அவன் இரண்டுக்கு இறக்குவானாம். வேலூர் வெயிலில் வளர்ந்தவன் இரண்டில் எப்படித் தூங்குவான்? கோபித்துக்கொண்டு தெருமுனை வரைக்கும் போகவும் வழியில்லை, போனால் அவனும் கூடவே வர வேண்டும்!

அதற்கும் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். வாரத்துக்கு ஒருமுறை இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, உன்னிடம் எனக்குப் பிடித்தது இது, கஷ்டமாக இருப்பது இது என்று வாய்விட்டுப் பேசியாக வேண்டும். மின்விசிறி கடைசியில் மூன்றில் நின்றது. என் வீட்டுக்காரரும் நானும் இத்தனை வருடக் குடித்தனத்தில் அப்படி ஒரு கூட்டம் போட்டதே இல்லை.

திங்கட்கிழமை அவர்களுக்கு ஓய்வு மாதிரி. ஒரு வாரத்து வெள்ளைச் சட்டைகளைத் துவைத்து, காலர் அழுக்கைத் தேய்த்து, இஸ்திரி போட்டு, காய்கறி வாங்கி, முடிவெட்டி, நேரம் இருந்தால் கிரிக்கெட். சாயங்காலம் மறுபடி டை. அன்றைக்குத்தான் வீட்டுக்குப் பேசலாம். 2019 பிப்ரவரிக்கு முன்பு அதுவும் இல்லை. வாரம் ஒரு மின்னஞ்சல் எழுதலாம், குரல் கேட்க கிறிஸ்துமஸும் அன்னையர் தினமும்தான். இவன் அம்மா திங்கட்கிழமை ஆனால் குக்கரைக்கூட ஏற்ற மாட்டாள், விசில் சத்தத்தில் போன் கேட்காமல் போய்விடுமாம்.

ஒரு வேடிக்கை. பெயர்ப்பட்டையில் ‘எல்டர்’ (மூப்பர்) என்று போட்டுக் குடும்பப்பெயர் எழுதுவார்கள். நமக்கு ஏது குடும்பப்பெயர்? இவனுக்கு அப்பா பெயரையே போட்டுவிட்டார்கள். இரண்டு வருடம் எல்லோரும் அப்பா பெயர் சொல்லியே கூப்பிட்டிருக்கிறார்கள். வீடியோவில் பின்னாலிருந்து யாரோ அப்படிக் கத்த, புருஷன் பெயரை வாயால் சொல்லாத அம்மா இங்கே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்ததை மதில்மேல் எட்டிப் பார்த்தவள் நான்.

கேள்வி: நம் ஸ்கடர் குடும்பத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் உண்டா?
(ராணிப்பேட்டை வாசகி)

கிடையாது. நம் பக்கத்தில் ஆஸ்பத்திரிகள் தொடங்கிய மிஷனரிக் குடும்பமான ஸ்கடர்கள் அமெரிக்க சீர்திருத்த சபையைச் சேர்ந்தவர்கள். ஆனால் ஒரு பொருத்தம் உண்டு. ஸ்கடர் சகோதரர்கள் ஆற்காடு மிஷனை அமைத்த 1853-இல்தான் ரிச்சர்டு பாலன்டைன் என்ற மார்மன் ஊழியரும் மதராஸில் வந்து இறங்கினார். அவர் அடுத்த வருடமே உடம்பு நொந்து கப்பலேறிவிட்டார். ஸ்கடர்கள் தங்கினார்கள். 1866-இல் உங்கள் ஊரில் ஆஸ்பத்திரி, பிறகு அதே குடும்பத்தில் வந்த ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் 1900-இல் ஒற்றைக் கட்டிலோடு ஆரம்பித்தது இன்றைய சி.எம்.சி. ஆஸ்பத்திரி. ஊரில் யார் பெயர் நிற்கிறது என்பதற்கு நான் வேறு காரணம் தேட மாட்டேன். மருந்து கொடுத்தவர்களை நம் ஜனம் மறப்பதில்லை.

கேள்வி: இவர்கள் பல தாரம் கட்டுவார்களாமே?
(ஆரணி வாசகர்)

ஒரு காலத்தில் கட்டினார்கள். 1890-இல் அப்போதைய தலைவர் வில்ஃபர்டு உட்ரஃப் அதை நிறுத்துவதாக அறிவித்தார். இன்றைக்கு ஒருவர் மனைவி இருக்கும்போதே இன்னொருத்தியைக் கட்டினால் சபையை விட்டே நீக்கிவிடுவார்கள். உங்கள் ஆர்வத்துக்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: அந்தப் பையன்கள் வீட்டுக்கு வந்தால் காபி குடிப்பதில்லையாம். வேறு என்ன கொடுப்பது?
(வாணியம்பாடி வாசகி)

காபி, டீ, மது, புகையிலை நான்கும் கூடாது. 1833-லிருந்து இருக்கிற விதி. மோர் கொடுங்கள், நன்னாரி சர்பத் கொடுங்கள், ராகிக் கூழ் கொடுங்கள். பிரியாணிக்குத் தடை இல்லை. கறியை அளவாகச் சாப்பிடு என்று அவர்கள் வேதத்தில் இருக்கிறதாம், எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் இலையில் அந்த அளவை நான் பார்த்ததில்லை. மதம் பேச விருப்பமில்லை என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இழுத்தடித்து, வருகிறேன் என்று சொல்லி வராமல் இருப்பதைவிட அவர்களுக்கு அது எவ்வளவோ மேல்.

கேள்வி: நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். அந்த மார்மன் மிஷன் முடித்து வந்த ஒரு பையன் வீட்டிலிருந்து என் மகளைப் பெண் கேட்கிறார்கள். குடி, சிகரெட் இல்லை, நல்ல வேலை. கொடுக்கலாமா?
(காட்பாடி வாசகி)

சமைக்கத் தெரியும், துவைக்கத் தெரியும், பிடிக்காதவனோடும் ஒரே அறையில் இருந்து பழகியவன். அந்த வகையில் கொடுத்து வைத்தவள்தான். ஆனால் சில விஷயங்களை உடைத்துக் கேட்டுவிடுங்கள். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு சபைக்குப் போகும், மீதியில்தான் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்குச் சபை நாள், அன்றைக்கு விசேஷம் வைத்தால் மாப்பிள்ளை வருவாரா என்று கேளுங்கள். அவர்களுடைய தனி ஆலயத்தில் கல்யாணம் செய்தால் இறந்த பிறகும் பந்தம் தொடரும் என்பது அவர்கள் நம்பிக்கை. அதற்கு இரண்டு பேரும் அந்தச் சபையில் இருக்க வேண்டும். உங்கள் மகள் மாறுவாளா, மாட்டாளா என்பதை நீங்களோ அவர்களோ சொல்லக் கூடாது, அவள்தான் சொல்ல வேண்டும். மாற மாட்டேன் என்றால் அதையும் இரண்டு வீட்டாரும் இருக்கும்போதே பேசுங்கள். நாம் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்போம், அவர்கள் எட்டு வயதுக்கு முன்னால் கொடுக்க மாட்டார்கள். பேரப்பிள்ளை பிறந்து ஆயரிடம் தேதி கேட்கப் போகும்போது இந்தச் சண்டை கிளம்ப வேண்டாம், நிச்சயதார்த்தத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள்.