அல்லைடு ஸ்டாட்டிஸ்டிக்ஸ்: வாசகர் கேள்வி – பதில்

பி.காம்., பி.பி.ஏ., உளவியல் படிப்பவர்களுக்குத் துணைப்பாடமாக வரும் புள்ளியியல் தாள் பற்றிய கேள்விகள் இந்த முறை.

கேள்வி: பிளஸ் டூவில் நான் கணக்குப் பாடம் எடுக்கவில்லை. பி.காம்.மில் பிசினஸ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வருகிறது. சமாளிக்க முடியுமா?
– மாணவி, விருதுநகர்

தாராளமாக. வர்க்கம், வர்க்கமூலம், தசமம், ஒரு நேர்கோட்டின் சமன்பாடு, இவை தெரிந்தால் போதும். கால்குலஸ் எட்டிக்கூடப் பார்க்காது. கவிழ்த்துவிடுவது குறியீடுகள்தான். 2, 3, 5 என்ற மூன்று எண்களை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 4 + 9 + 25 = 38. முதலில் கூட்டிவிட்டு வர்க்கப்படுத்தினால் 10 × 10 = 100. சூத்திரத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். அடைப்புக்குறி எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட்டால் விடை தப்பாகிவிடும்; சில சமயம் வர்க்கமூலத்துக்குள் மைனஸ் எண்கூட வந்து நிற்கும். அப்படி வந்தால் கால்குலேட்டரை உதறிப் பார்க்காதீர்கள். அங்கேதான் தப்பு.

நிகழ்வெண் (ஓர் எண் எத்தனை முறை வருகிறது என்பது) அட்டவணையிலும் இதே கதை. எக்ஸ் 4, நிகழ்வெண் 3 என்றால் பெருக்கல் பத்தியில் 12 வரும். அடுத்த பத்திக்கு அந்த 12-ஐ மறுபடி 4-ஆல் பெருக்குங்கள், 48. பலர் 12-ஐயே வர்க்கப்படுத்தி 144 என்று எழுதிவிடுகிறார்கள்.

கேள்வி: ஒரே எண்களைக் கொடுத்தாலும் கால்குலேட்டரில் இரண்டு திட்ட விலக்கம் (ஸ்டாண்டர்டு டீவியேஷன்) வருகிறது. எதை எழுதுவது? ‘என்’ (n, மொத்தம் எத்தனை எண்கள் என்பது) மைனஸ் 1 என்று ஏன் வகுக்கிறோம்?
– பி.பி.ஏ. மாணவர், ஈரோடு

ஒரு கடையில் ஐந்து நாள் விற்பனை 12, 15, 11, 18, 14 என்று வைத்துக்கொள்வோம். கூட்டுத்தொகை 70, சராசரி 14. சராசரியிலிருந்து விலக்கங்கள் −2, 1, −3, 4, 0. அவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 30. அதை 5-ஆல் வகுத்து மூலம் எடுத்தால் 2.45, 4-ஆல் வகுத்து எடுத்தால் 2.74.

அந்த ஐந்து நாளைப் பற்றி மட்டுமே பேசுகிறீர்கள் என்றால் 5. அந்த ஐந்தைக் கூறாக (சாம்பிளாக) வைத்து ஆண்டு முழுவதற்கும் மதிப்பிடுகிறீர்கள் என்றால் 4. காரணம் இதுதான்: ஆண்டு முழுமைக்குமான உண்மைச் சராசரி நமக்குத் தெரியாது. அது 15 என்று வைத்து இதே எண்களின் விலக்கங்களை எடுத்துப் பாருங்கள்: 9 + 0 + 16 + 9 + 1 = 35. 13 என்று வைத்தாலும் 35தான். தன் சொந்தச் சராசரியிலிருந்து அளக்கும்போதுதான் கூட்டுத்தொகை மிகக் குறைவாக வரும். அதாவது கூறு தன் சிதறலைக் குறைத்தே காட்டும். வகுக்கும் எண்ணில் ஒன்றைக் கழிப்பது அந்தக் குறையை ஈடுகட்ட.

பழைய கேசியோவில் சிக்மா என், சிக்மா என் மைனஸ் 1 என்று இருக்கும். புதிய சில மாடல்களில் இவையே சிக்மா எக்ஸ், எஸ் எக்ஸ் என்று வரும். எக்ஸெலில் ஸ்டிடெவ் என்று தொடங்கும் இரண்டில், கடைசியில் ‘எஸ்’ உள்ளது கூறுக்கு, ‘பி’ உள்ளது முழுமைத்தொகுதிக்கு. எதை அழுத்தும் முன்பும், ‘என்’ எத்தனை என்று முதலில் பாருங்கள். ஐந்து எண் கொடுத்தீர்கள், திரை 12 என்று காட்டினால் முந்தின கணக்கின் எண்கள் இன்னும் உள்ளே இருக்கின்றன. அழித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

கேள்வி: யூடியூப் பாடத்தில் 1.96-க்கு இயல்நிலைப் பரவல் (நார்மல்) அட்டவணையில் 0.9750 என்கிறார்கள். என் புத்தகத்தில் 0.4750. எது சரி?
– மதுரை

இரண்டும் சரி. உங்கள் அட்டவணை நடுவிலிருந்து, அதாவது சைபரிலிருந்து, பரப்பளவைக் காட்டுகிறது. அவர்களுடையது இடது ஓரத்திலிருந்து காட்டுகிறது. வித்தியாசம் எப்போதும் 0.5. பரீட்சை ஹாலில் கொடுக்கும் அட்டவணையின் தலையில் சின்னதாக ஒரு மணிவளைவுப் படம் இருக்கும். எந்தப் பகுதிக்கு நிழல் போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

கேள்வி: பயிற்சிக்கு முன், பயிற்சிக்குப் பின் என்று ஐந்து பேரின் மதிப்பெண் எடுத்தேன். எல்லோருக்கும் ஏறியிருக்கிறது. ஆனால் இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி (t) சோதனை ‘வித்தியாசம் இல்லை’ என்கிறது. எங்கே பிசகு?
– உளவியல் மாணவி, கோவை

நீங்கள் அனுப்பிய எண்கள்: முன் 20, 24, 30, 35, 41, பின் 22, 27, 31, 38, 43. இவற்றை இரண்டு தனித்தனிக் குழுக்களாக வைத்து டி கண்டிருக்கிறீர்கள். அப்படிச் செய்தால் 0.41 வரும், தேவையான எல்லை, கட்டின்மைக் கூறு (டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம்) 8-க்கு, 2.306. பக்கத்தில்கூட வராது. ஆனால் இது இணைக் கூறு, ஆங்காங்கே ‘பெயர்டு’ என்பார்களே, அது. அதே ஆளின் இரண்டு மதிப்பெண். ஆளுக்கு ஆள் 20-க்கும் 41-க்கும் உள்ள பெரிய இடைவெளி உங்கள் கேள்விக்குச் சம்பந்தமே இல்லாதது. அதையும் சேர்த்து வகுத்ததால் 2 மதிப்பெண் ஏற்றம் அதில் மூழ்கிவிட்டது.

வித்தியாசங்களை மட்டும் எடுங்கள்: 2, 3, 1, 3, 2. சராசரி 2.2. திட்ட விலக்கம், 4-ஆல் வகுத்து, 0.837. அதை 5-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் திட்டப்பிழை 0.374. டி = 2.2 ÷ 0.374, ஏறத்தாழ 5.88. கட்டின்மைக் கூறு இப்போது 4, எல்லை 2.776. தாண்டிவிட்டது. ஆனால் ஒரு எச்சரிக்கை: பயிற்சியே பெறாத ஒப்பீட்டுக் குழு உங்களிடம் இல்லை. மதிப்பெண் ஏறியது நிச்சயம். அதே தேர்வை இரண்டாம் முறை எழுதிய பழக்கத்தால் ஏறியதா, பயிற்சியால் ஏறியதா என்பதை இந்தச் சோதனை சொல்லாது.

ஐந்தே பேரை வைத்துக் கணக்குப் போடலாமா என்று உங்கள் தோழிக்குச் சந்தேகமாம். இந்தச் சோதனை பிறந்ததே அதற்காகத்தான். டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட், சிறிய கூறுகளை வைத்து முடிவெடுக்க வேண்டியிருந்ததால் கண்டுபிடித்து 1908-இல் ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் வெளியிட்டார். வித்தியாசங்கள் ஓரளவு இயல்நிலைப் பரவலை ஒட்டி இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

கேள்வி: பி மதிப்பு 0.03 வந்தது. ‘என் கருதுகோள் 97 சதவீதம் உண்மை’ என்று ப்ராஜெக்டில் எழுதலாமா?
– திருச்சி

கூடாது. பூவா தலையா போடுவோம். ஒரு நாணயத்தை 10 முறை சுண்டுகிறீர்கள். 9 முறை தலை. நாணயத்தில் கோளாறு இல்லை என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 1024 விதமாக விழலாம். அதில் 9 அல்லது 10 தலை வருவது 11 விதம். அதே அளவு பூ பக்கம் சாய்வது இன்னொரு 11. ஆக 22 ÷ 1024 = 0.0215. இதுதான் பி மதிப்பு. நல்ல நாணயம் இவ்வளவு சாய்வாக விழ எவ்வளவு வாய்ப்பு என்பதற்கு இது விடை. இது கள்ள நாணயமாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று நாம் கேட்கவே இல்லை; கேட்காத கேள்விக்கு 97.85 என்று பதில் எழுதினால் எப்படி? அமெரிக்கப் புள்ளியியல் சங்கமே 2016-இல் இதைத் தெளிவுபடுத்தி அறிக்கை விட்டது.

இப்படி எழுதுங்கள்: ‘இன்மைக் கருதுகோள் (வித்தியாசமே இல்லை என்ற அனுமானம்) உண்மையானால், இவ்வளவோ இதைவிடக் கூடுதலாகவோ வித்தியாசம் கிடைக்க 3 சதவீத வாய்ப்பே உண்டு, எனவே 5 சதவீத மட்டத்தில் அது மறுக்கப்படுகிறது.’ பி 0.05-க்கு மேல் போனால் ‘மறுக்கப் போதிய சான்று இல்லை’ என்பதோடு நிறுத்துங்கள். ‘நிரூபிக்கப்பட்டது’ என்ற சொல்லையே ப்ராஜெக்டில் தேடி அழித்துவிடுங்கள்.

கேள்வி: 40 பேரிடம் சர்வே எடுத்து, சதவீதமாக மாற்றிக் ‘கை வர்க்க’ (கை-ஸ்கொயர்) சோதனை செய்தேன். கைடு ஒத்துக்கொள்ளவில்லை. ஏன்?
– எம்.பி.ஏ. மாணவர், சேலம்

கைடு சொல்வது சரி. இரண்டு வரி, இரண்டு பத்தி கொண்ட உங்கள் அட்டவணையில் உண்மையான எண்ணிக்கை முதல் வரியில் 12, 8, அடுத்ததில் 7, 13. இதை அப்படியே போட்டால் கை வர்க்கம் 2.51. கட்டின்மைக் கூறு 1-க்கு எல்லை 3.841, தொடர்பு இருப்பதாகச் சொல்ல முடியாது. சதவீதமாக்கி 30, 20, 17.5, 32.5 என்று போட்டதும் 6.27 ஆகி எல்லையைத் தாண்டிவிட்டது. விகிதம் மாறவில்லை, 40 பேர் 100 பேராகிவிட்டார்கள், அவ்வளவுதான். நீங்கள் கேட்காத 60 பேரின் சாட்சியமும் கணக்கில் ஏறிவிட்டது. கட்டங்களில் எப்போதும் தலை எண்ணிக்கையே இருக்கட்டும்; சதவீதத்தை விளக்கப் பத்தியில் எழுதிக்கொள்ளுங்கள். எதிர்பார்ப்பு நிகழ்வெண்ணையும் (தொடர்பே இல்லையென்றால் அந்தக் கட்டத்தில் வர வேண்டிய எண்ணிக்கை: வரிக் கூட்டல் × பத்திக் கூட்டல் ÷ மொத்தம்) ஒருமுறை சரிபாருங்கள். எந்தக் கட்டத்திலாவது 5-க்குக் கீழே போனால் இந்தச் சோதனையை நம்ப முடியாது. உங்களுடையதில் மிகக் குறைவானது 20 × 19 ÷ 40 = 9.5, அந்த வகையில் கவலை இல்லை.