மாதந்தோறும் மாறும் கருவி அறையில் கேபிள்கள் சிக்காமல் இருக்க

கேள்வி: கல்முனையில் ஒரு தனியார் கல்வி நிறுவனத்தின் கணினிப் பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். கருவி அறையில் மாதத்துக்கு ஒரு தடவையாவது கமெராவோ தொலைபேசியோ புதிய சுவிட்சோ (கருவிகளை வலையமைப்பில் இணைக்கும் பெட்டி) சேர்கிறது. இணைப்புகள் நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் எத்தனை தரம் ஒழுங்குபடுத்தினாலும் மூன்று மாதத்துக்குள், கருவிகளைப் பொருத்தும் றாக்கின் முன்புறம் புதராகிவிடுகிறது. இருக்கும் கெட் 5ஈ வகை வலையமைப்புக் கேபிள்களைப் பிடுங்கிவிட்டு, அதற்கு அடுத்த தரமான கெட் 6 கேபிளில் எல்லாவற்றையும் புதிதாக இழுக்க வேண்டும் என்று வேலைக்கு வந்தவர் கூறுகிறார். அது சரியா?

பதில்: பிடுங்க வேண்டாம். ஒழுங்காக இழுக்கப்பட்ட கெட் 5ஈ கேபிள் 100 மீற்றர் தூரம் வரை விநாடிக்கு ஒரு கிகாபிட் வேகத்தைத் தாங்கும். உங்கள் கமெராக்களுக்கும் கணினிகளுக்கும் அது தாராளமாகப் போதும். உங்கள் சிக்கல் சுவருக்குள் ஓடும் கேபிளில் இல்லை, அந்தக் கேபிள்கள் வந்து முடியும் பெட்ச் பெனலுக்கும் சுவிட்சுக்கும் இடையில் தொங்கும் கோட்களில் (செருகி எடுக்கும் இணைப்புக் கேபிள்களில்) இருக்கிறது. அரை மீற்றர் போதுமான இடத்தில், கடையில் அதுதான் கிடைத்தது என்பதற்காக மூன்று மீற்றர் கோட்டைப் போட்டு, மிகுதியைச் சுருட்டித் தொங்கவிடுகிறார்கள். கருவியை அகற்றும்போது அதன் கோட்டை அகற்றுவதில்லை.

மாற்றங்கள் அடிக்கடி வரும் அறையில், கோட்டை இடம் மாற்ற வேண்டிய தேவையையே இல்லாமற் செய்வதுதான் வழி. 48 போர்ட் (கேபிள் செருகும் துளை) உள்ள சுவிட்சுக்கு மேலே 24 போர்ட் பெனல் ஒன்றையும் கீழே இன்னொன்றையும் பொருத்தி, மேல் வரிசையை மேலேயும் கீழ் வரிசையைக் கீழேயும் குறுகிய கோட்களால் நேருக்கு நேர் இணைத்துவிடுங்கள். இப்போது பாவனையில் இல்லாத சுவர்ப் புள்ளிகளையும் சேர்த்தே இணையுங்கள். பிறகு ஓர் இடத்தில் கணினிக்குப் பதிலாகத் தொலைபேசி வந்தால், அந்தப் போர்ட் எந்த வலையமைப்பைச் சேர்ந்தது என்பதைச் சுவிட்சின் அமைப்புப் பக்கத்தில் மாற்றினாற் போதும். றாக்கில் யாரும் கைவைக்கத் தேவையில்லை.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதைக் கவனிக்காமல் விட்டால் மேற்சொன்ன ஒழுங்கு முழுவதும் குலைந்துவிடும். கமெராக்களும் வைஃபை கருவிகளும் கேபிள் வழியாகவே மின்சாரம் பெறுகின்றன, ஆனால் சில சுவிட்சுகளில் பாதிப் போர்ட்கள் மட்டுமே மின்சாரம் கொடுக்கும். நேருக்கு நேர் இணைத்த பின்னர் மின்சாரம் இல்லாத போர்ட்டில் ஒரு கமெரா மாட்டிக்கொண்டால், குறுக்கே ஒரு நீளக் கோட் இழுக்கப்படும். அடுத்த கமெராவுக்கு இன்னொன்று வரும். குழப்பம் அங்கிருந்தே மறுபடியும் தொடங்கும். ஆகவே கமெராப் புள்ளிகளையெல்லாம் தனியொரு பெனலில் சேர்த்து, எல்லாப் போர்ட்டும் மின்சாரம் தரும் தனிச் சுவிட்சுடன் வேறு நிறக் கோட்களால் இணையுங்கள். அந்தச் சுவிட்சை வாங்கும்போது அதன் மொத்த வாட் அளவையும் பாருங்கள்: 24 போர்ட்டுக்கும் 15.4 வாட் வீதம் கொடுக்க ஏறக்குறைய 370 வாட் வேண்டும். போர்ட் எண்ணிக்கையை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் பின்னர் இரண்டாவது சுவிட்ச் தேடுகிறார்கள்.

கட்டுவதற்கு வெல்க்ரோ பட்டியைப் பயன்படுத்துங்கள். பிளாஸ்டிக் டையை இறுக்கினால் உள்ளே முறுக்கிய சோடிகள் நசுங்கும். அதை வெட்டி எடுக்கும் சிரமத்துக்காகவே பழைய கேபிள் அகற்றப்படாமல் கிடக்கும். ஒட்டுச்சீட்டில் பெனல் எண்ணையும் போர்ட் எண்ணையும் இரண்டு முனையிலும் எழுதுங்கள். 'கணக்காளர் கணினி' என்று எழுதினால், கணக்காளர் அறை மாறியவுடன் அது பிழையாகிவிடும்.

உங்களிடம் வந்த யோசனையில் என்னை உண்மையாகவே கவலைப்படுத்துவது வேறொன்று. அலுமினியக் கம்பிக்கு மேல் மெல்லிய செப்புப் பூச்சுப் பூசிய கேபிள், பெட்டியில் கெட் 6 என்று அச்சிடப்பட்டுச் சந்தையில் விற்கப்படுகிறது. இவ்வகைக் கேபிளுக்கான சர்வதேச நியமங்கள் செப்புக் கம்பியையே கேட்கின்றன; பூச்சுக் கம்பி எந்த வகையிலும் அதற்குள் அடங்காது. செம்பை விட மின்தடை கூடியது என்பதால் கமெராவுக்கு மின்சாரம் அனுப்பும்போது அது அதிகம் சூடாகும். நாலு தரம் வளைத்தால் முறியும். முனையில் வெளியே தெரியும் அலுமினியம் நமது கரையோர உப்புக்காற்றில் அரிக்கும். நல்ல கெட் 5ஈ கேபிளைப் பிடுங்கிவிட்டு இதைப் போட்டால், பணம் கொடுத்து உங்கள் வலையமைப்பைக் கெடுத்தவராவீர்கள். கம்பியின் முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள்: உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் பெட்டியைத் திருப்பி அனுப்புங்கள். 305 மீற்றர் பெட்டியைத் தூக்கினாலே எடைக் குறைவு கையில் தெரியும்.

இந்தக் கேபிள் உள்ளே வருவதற்கு வழி விடுவது நமது அரச பெறுகை முறைதான். மிகக் குறைந்த கூறுவிலையைத் தெரிவு செய்யும் குழு 'செப்புக் கம்பி' என்ற சொல்லை விவரக்குறிப்பில் சேர்ப்பதில்லை. புதிய சுவிட்சுக்கு இலட்சக்கணக்கில் அனுமதி கொடுப்பவர்கள், முப்பது குறுகிய கோட்கள் கேட்டால் மாதக்கணக்கில் கோவையைச் சுற்றவிடுகிறார்கள். பழைய கேபிளை அகற்றும் வேலைக்கு எந்த மதிப்பீட்டிலும் ஒரு வரி கூட இல்லை. நிறுவனம் தனியாருடையது என்றாலும் உங்கள் நிருவாகமும் இதே பழக்கத்தில் இருக்கக்கூடும். அதனால் குறுகிய கோட்களையும் வெல்க்ரோ பட்டியையும் அகற்றும் கூலியையும் அடுத்த சுவிட்ச் கொள்வனவுக்குள்ளேயே சேர்த்துக் கேளுங்கள்.

எப்போதாவது புதிய கேபிள் இழுக்கவே நேர்ந்தால், முழுச் செப்புக் கம்பி என்பதையும், ஒவ்வொரு இணைப்புக்கும் கருவியில் எடுத்த சோதனை அறிக்கை வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மின்குமிழ் எரிவதைக் காட்டும் சிறு சோதனைப்பெட்டியின் முடிவை ஏற்க வேண்டாம். கம்பி தொடர்ச்சியாக இருக்கிறதா என்பதை மட்டுமே அது சொல்லும். முறையான அறிக்கை கைக்கு வரும்வரை கடைசித் தவணையை விடுவிக்காதீர்கள்.