நண்பருடன் கூட்டு வியாபாரம்: வாய்ப்பேச்சு போதுமா?

வணக்கம் நண்பரே. நண்பர் 6 லட்சம் போட்டிருக்கிறார், மசாலாப் பொடிக் கடையை முழுக்க நடத்துவது நீங்கள், லாபம் உங்களுக்கு 60, அவருக்கு 40 என்று பேசியதோடு சரி, பத்திரம் அவசியமா என்று கேட்டிருந்தீர்கள்.

அவசியம். நட்பு நன்றாக இருக்கும்போதே எழுதிவிடுங்கள். பேசியதை நிரூபிக்க முடியாமல் போனால், 1932-ஆம் வருடக் கூட்டாண்மைச் சட்டப்படி லாபம் சரிபாதிதான். நாள் முழுக்கக் கடையில் நிற்பதற்குத் தனிச் சம்பளமும் கேட்க முடியாது.

முக்கியமாக, அந்த 6 லட்சம் மூலதனமா கடனா? ‘மூலதனமாகச் செலுத்தினார், இதற்கு வட்டி இல்லை’ என்று ஒரு வரி இருந்தாலே பாதிச் சண்டை வராது. ஒருவர் விலகினால் கணக்கை எப்படித் தீர்ப்பது, கடைப்பெயர் யாருக்கு என்பதையும் எழுதுங்கள். முத்திரைத்தாள் விற்பவரிடம் கிடைக்கும் அச்சுப் படிவத்தில் இதெல்லாம் பெரும்பாலும் இருக்காது, வழக்கறிஞரிடம் கொடுத்து எழுதுவதே நல்லது.

அப்புறம், நிறுவனத்தைப் பதிவுத்துறையில் பதிந்துவிடுங்கள். கட்டாயமில்லை என்பார்கள். ஆனால் பதியாத நிறுவனம், சரக்கு வாங்கிப் பணம் தராத கடைக்காரர் மேல் பாக்கிக்கு வழக்குப் போட அதே சட்டத்தின் 69-ஆம் பிரிவு விடாது.