அப்பா என்ன சொன்னார்?

அன்புள்ள ஐயா,

என் தந்தைக்கு வயது 68. சிறுநீரகங்கள் செயலிழந்து வருவதால் விரைவில் டயாலிசிஸ் தொடங்க வேண்டும் என்று கோவையில் சொல்லிவிட்டார்கள். மருத்துவர் எங்களிடம் ஐந்து நிமிடம்கூடப் பேசவில்லை. என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். குடும்பத்தைக் கலந்துகொள்ள வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லையா? இணையத்தில் படித்துவிட்டுக் கேட்டால் ஏன் கோபப்படுகிறார்கள்?

ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்
(கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

அன்புள்ள தம்பி,

இணையச் சண்டைக்கு நான் வரவில்லை. படித்ததைக் கேள்வியாகக் கேளுங்கள், போதும். சட்டம் இருக்கிறது. நோயாளி தரப்பில் கேட்டால் மருத்துவப் பதிவுகளை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நன்னடத்தை விதிகள் சொல்கின்றன. ஆனால் 2008இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஒன்று உங்களுக்குச் சங்கடமாக இருக்கும். பரிசோதனைக்காக மயக்கத்தில் கிடந்த பெண்ணின் கருப்பையை, வெளியே இருந்த தாயின் ஒப்புதலோடு அகற்றிவிட்டார்கள். உடனடி உயிராபத்து இல்லாதபோது, அவர் கண்விழிக்கும்வரை காத்திருந்து அவரையே கேட்டிருக்க வேண்டும், தாயின் ஒப்புதல் செல்லாது என்றது நீதிமன்றம். தாய்க்கே இல்லாத அந்த உரிமையை மகனுக்கு யார் கொடுத்தது?

உங்கள் நீண்ட கடிதத்தில் சித்தப்பா சொன்னது இருக்கிறது, ஈரோட்டு மாப்பிள்ளை சொன்னது இருக்கிறது. அப்பா என்ன சொன்னார் என்று ஒரு வரி இல்லை. "பேஷண்ட் இருக்கட்டும், அட்டெண்டர் மட்டும் உள்ள வாங்க" என்று அவினாசி சாலை மருத்துவமனைகளில் கூப்பிடுகிறார்கள். நாமும் அதை மரியாதையாக எடுத்துக்கொண்டு, ஃபைலை மடியில் வைத்திருப்பவரை பெஞ்சிலேயே விட்டுவிட்டு எழுந்து போகிறோம். உங்களைக் கலந்துகொள்ளவில்லை என்று கொதிக்கிறீர்களே, அவரை நீங்கள் கலந்துகொண்டீர்களா?

என் அப்புச்சிக்கு, அதாவது அம்மாவின் அப்பாவுக்கு, சர்க்கரைப் புண் முற்றி, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றானபோது, அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று மாமன்மார் வராந்தாவில் நின்று வெகுநேரம் பேசினார்கள். உள்ளே, கட்டுப் பிரிக்க வந்த செவிலியிடம் அவர் கேட்டுக்கொண்டிருந்தார்: "ஏங் கண்ணு, காலை எடுத்துப்போட்டா மறுக்கா எப்பக் கண்ணு கருங்கல்பாளையம் சந்தைக்குப் போலாம்?" மற்றவர்களுக்குச் சொல்ல வாய் வராத சேதியை அவர் கணக்கே போட்டு முடித்திருந்தார், பதில் சொல்லத்தான் ஆளில்லை.

டயாலிசிஸ் முழுக்க முழுக்க இப்படிப்பட்ட கேள்விகளால் ஆனது. மருத்துவமனையில் என்றால் பெரும்பாலும் வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம். கோபியிலிருந்து போய்வரும் நேரம் தனி. வயிற்றில் குழாய் வைத்து வீட்டிலேயே செய்துகொள்ளும் முறையும் உண்டு. அதில் ஒரு நாளைக்கு நான்கு முறை போல நீர் மாற்ற வேண்டும், கிருமி தொற்றாமல் கை சுத்தமும் அறை சுத்தமும் வேண்டும். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்து வைப்பதற்கு ஃபிஸ்டுலா என்று பெயர். அதை எந்தக் கையில் வைப்பது என்பதற்குக்கூட, மண்வெட்டியை எந்தக் கை அழுத்திப் பிடிக்கிறது என்று தெரிய வேண்டும். விடியுமுன் பால் கறக்க எழுகிறவரா, தொழுவத்தை விட்டு நாலு மணி நேரம் நகரச் சம்மதிப்பாரா என்பதெல்லாம் எந்த ரத்தப் பரிசோதனையிலும் வராது. உங்கள் அம்மாவையும் கேளுங்கள். உப்பையும் தண்ணீரையும் அளந்து கொடுக்கப் போகிறவர் அவர்தான்.

அடுத்த முறை மருத்துவர் எதிரில் அப்பா உட்காரட்டும். நீங்கள் பின்னால் நின்று, அவர் கேட்க மறந்ததை நினைவூட்டுங்கள், சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் நாள் கடத்தாதீர்கள். ஃபிஸ்டுலா பயன்படுத்தத் தயாராக வாரக்கணக்கில் ஆகும். தாமதித்தால் கழுத்தில் குழாய் போட்டு அவசரமாகத் தொடங்க நேரும், அந்த அவசரத்தில் மறுபடி உங்களிடம்தான் கையெழுத்துக் கேட்பார்கள்.

அன்புடன்.