இரண்டு 4ஜி ரவுட்டரைச் சேர்த்தால் ஸ்பீட் இரண்டு மடங்காகுமா?

ஆரையம்பதியில் வீடு, ஒழுங்கைக்குள் பைபர் வரவில்லை, 4ஜி ரவுட்டர் இரண்டு இருக்கிறது, கனக்கச் செலவழிக்காமல் இரண்டையும் ஒன்றாக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். களுவாஞ்சிக்குடியில் நானும் இப்படி இரண்டு லைனை வைத்துத்தான் கல்யாண வீடியோ ஏற்றி அனுப்புகிறேன். ஒன்றாக்கலாம். ஆனால் 10 எம்பிபிஎஸ் லைனும் 6 எம்பிபிஎஸ் லைனும் சேர்ந்து ஒரு பைலை 16இல் இறக்கித் தரும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள்.

மலிவான வழி லோட் பேலன்சிங். அது ஒவ்வொரு இணைப்பையும் (ஒரு செயலி ஒரு தளத்தோடு திறக்கும் தொடர்பை) ஏதாவதொரு லைனில் தள்ளிவிடும், ஒரே இணைப்பைப் பிய்த்து இரண்டிலும் அனுப்பாது. பிள்ளையின் சூம் வகுப்பு ஒன்றில், உங்கள் யூடியூப் மற்றதில் என்று போகும். வீட்டுச் சண்டை குறையும். ஐடிஎம் என்ற டவுன்லோட் மென்பொருள், டொரண்ட் மாதிரிப் பல துண்டாக இறக்கினால்தான் ஒரு பைலுக்கு இரண்டு லைனும் உழைக்கும். லெப்டொப்பில் ஒன்றை வயரிலும் மற்றதை வைஃபையிலும் மாட்டினால் போதும் என்பார்கள். விண்டோஸ் அதில் ஒன்றைத்தான் பாவிக்கும்.

சாமானுக்கு டிபி-லிங்க் ஆர்470டி பிளஸ் என்ற லோட் பேலன்சிங் ரவுட்டர் பழசாகக் கிடைத்தாலும் போதும். அதில் வயர் மாட்டும் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான். பின்னேரத்து 4ஜிக்கு அது தாராளம். கொஞ்சம் நோண்டத் தெரிந்தவர் என்றால் மைக்ரோடிக் ரவுட்டர் வாங்குங்கள். அதில் பிசிசி என்றொரு பிரிப்பு முறை இருக்கிறது. ஐபி முகவரியை மட்டும் பார்த்துப் பிரிக்கச் சொன்னால் ஒரு தளத்துக்குப் போவதெல்லாம் ஒரே லைனில் போகும். போர்ட் நம்பரையும் (வயர் மாட்டும் போர்ட் அல்ல, இணைப்புகளைப் பிரித்தறியும் எண்) சேர்த்தால் டவுன்லோட் இரண்டிலும் பரவும், ஸ்பீட் டெஸ்டும் வடிவாகக் காட்டும். ஆனால் ஐபி மாறுகிறதென்று சில வங்கித் தளங்கள் பாதியில் வெளியே தள்ளிவிடும். நான் போர்ட்டையும் சேர்த்துவிட்டு, வங்கிகளை மட்டும் ஒரே லைனில் கட்டி வைத்திருக்கிறேன்.

ஒரே இணைப்பை இரண்டு லைனிலும் பிரித்து அனுப்புவது பொண்டிங். பிரிந்து வருவதை மறுமுனையில் பொருத்த ஒரு சேர்வர் வேண்டும், காசு போவது அங்கேதான். ஸ்பீடிஃபை என்ற செயலிக்காரர் அந்தச் சேர்வரையும் சேர்த்துத் தருகிறார்கள், சந்தா கட்ட வேண்டும். ஓபன்எம்பிடிசிபி ரவுட்டர் என்பது இலவசம். ஆனால் சிங்கப்பூரிலோ மும்பையிலோ ஒரு விபிஎஸ் (வாடகைச் சேர்வர்) எடுத்து மாதாமாதம் வாடகை கட்ட வேண்டும். ஆடி அமாவாசைக்கு மட்டக்களப்பு மாமாங்கத் தீர்த்தத்தை நேரலை விடுபவருக்கு அது பெறுமதி. வீட்டுக்கு வீண் செலவு.

இதற்கெல்லாம் முதல், இரண்டு சிம்மும் ஒரே கொம்பனியா என்று பாருங்கள். அப்படியென்றால் இரவு 8 மணி நெரிசலில் இரண்டும் அநேகமாக ஒரே டவரில்தான் தொங்கும், இரண்டாவது சிம்மால் பெரிய பிரயோசனம் இல்லை. ஒன்றை வேறு கொம்பனிக்கு மாற்றுங்கள். பிறகு ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி என்ற, சிக்னல் பலத்தைக் காட்டும் நம்பரைப் பாருங்கள்: -85 அளவில் நின்றால் நல்லது, -110 என்று கிடந்தால் ரவுட்டரை அலுமாரி மேலிருந்து எடுத்து ஒவ்வொரு யன்னலிலும் வைத்துப் பாருங்கள். புது ரவுட்டருக்குக் காசு எடுப்பது அதற்குப் பிறகு.